முள் ஆடினால் முதலில் கேபிளைப் பாருங்கள்

பழைய அம்பாசிடரிலோ பிரீமியர் பத்மினியிலோ ஸ்பீடோமீட்டர் முள் ஆட ஆரம்பித்தால், பலரும் முதலில் கை வைப்பது டேஷ்போர்டில்தான். மீட்டரைக் கழற்றி, கண்ணாடியைப் பிரித்து, முள்ளை விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். கோளாறு அங்கே இருப்பது குறைவு. இல்லாத கோளாறு புதிதாக வந்து சேர்வதுதான் அதிகம்.

இந்தக் கருவிக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே இல்லை. கியர்பாக்ஸில் உள்ள சிறிய பினியன் ஒரு கேபிளைச் சுழற்றுகிறது. கேபிளின் மறுமுனை மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைத் தொடாமல், அதற்கு மிக நெருக்கமாக ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, கிண்ணமும் அதோடு சேர்ந்த முள்ளும் திரும்பப் பார்க்கும். மெல்லிய ஹேர்ஸ்பிரிங் ஒன்று அதைப் பின்னுக்கு இழுக்கும். இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது.

கிலோமீட்டர் எண்களை நகர்த்துவதும் அதே கேபிள்தான். ஆனால் அந்த வேலை நேராகப் பல்சக்கரங்கள் வழியாக நடக்கிறது. கிண்ணத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் அதில் பங்கில்லை. நோயைப் பிரித்தறிய இந்த வித்தியாசமே போதும். முள்ளும் எண்களும் சேர்ந்து நின்றுபோனால் பெரும்பாலும் கேபிள் அறுந்திருக்கும், அல்லது பினியன் பல் தேய்ந்திருக்கும். எண்கள் ஓட, முள் மட்டும் படுத்திருந்தால் கோளாறு மீட்டருக்குள், கிண்ணத்தின் பக்கம். முள் ஒழுங்காக வேலை செய்து எண்கள் நகராவிட்டால் பல்சக்கரம் போயிருக்கிறது.

முள் ஆடுவதற்குக் காரணம் பெரும்பாலும் வறண்ட கேபிள். உள்ளே ஓடும் கம்பி ஓரிடத்தில் சிக்கி, முறுக்கேறி, சட்டென விடுபடுகிறது. முள் அதற்கேற்பத் துள்ளுகிறது. கம்பியை உருவி, துடைத்து, சமதரையில் வைத்து விரல்களால் உருட்டிப் பாருங்கள். எங்காவது எகிறினால் அது மடங்கிய கம்பி, மாற்றத்தான் வேண்டும். வெளியுறையும் கூர்மையாக வளையக் கூடாது. 15 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆரத்தில் வளைத்துக் கட்டினால் புதுக் கேபிளும் சீக்கிரம் கெடும்.

கிரீஸ் தடவுவதில்தான் நல்ல மெக்கானிக்குகளும் கோட்டை விடுகிறார்கள். கம்பி முழுக்க அப்பினால், சுழற்சியில் கிரீஸ் மெல்ல மேலேறி மீட்டருக்குள் புகுந்து, கிண்ணத்தையும் காந்தத்தையும் ஒட்டவைக்கும். அப்புறம் முள் கடைசி எண்ணில் போய் மாட்டிக்கொள்ளும். பழைய பிரிட்டிஷ் கார் கையேடுகள் இதற்கு வழி சொல்கின்றன: கம்பியைச் செருகிய பிறகு மேல்முனையை 20 சென்டிமீட்டர் வெளியே இழுத்து, அந்தப் பகுதியை நன்றாகத் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும்.

முள் ஆடாமல், ஆனால் தவறாகக் காட்டினால் சோதனை வேறு. பிரிட்டிஷ் நிறுவனமான ஸ்மித்ஸின் மீட்டர்கள் பலவற்றில் முகப்பின் அடியில் சின்ன எழுத்தில் ஓர் எண் இருக்கும். ஒரு மைலுக்குக் கேபிள் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே அது. 1000 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேபிளை மீட்டரிலிருந்து கழற்றி, கம்பி முனையில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, சமதரையில் காரை 16.1 மீட்டர் தள்ளுங்கள். அது மைலில் நூறில் ஒரு பங்கு. காகிதம் பத்து முறை சுற்ற வேண்டும். பத்து சுற்றும் சரியாக வந்தால் பிழை மீட்டருக்குள்தான். எட்டோ பன்னிரண்டோ வந்தால் டயர் அளவோ, பின்அச்சின் பல்விகிதமோ, பினியனோ எப்போதோ மாற்றப்பட்டிருக்கிறது. மீட்டர் மேல் குற்றமில்லை.

காந்தம் வலுவிழந்தால் மீட்டர் குறைவாகக் காட்டும். அதையும் ஹேர்ஸ்பிரிங்கையும் வீட்டு மேசையில் சரிசெய்ய முயல வேண்டாம். மீட்டர் பழுதுபார்க்கும் கடைக்குக் கொடுப்பதே நல்லது. கொடுக்கும்போது முகப்பிலுள்ள அந்த எண்ணையும், காரைத் தள்ளி எண்ணிய சுற்றுகளையும் எழுதிக் கொடுங்கள். அவை இல்லாமல் எந்தக் கணக்குக்கு மீட்டரைச் சரிசெய்வது என்று கடைக்காரருக்குத் தெரியாது.