கந்தூரி மக்களும் ஒரு கதைஞரும்

ரபீயுல் ஆகிர் பிறை தென்பட்டதும் மேலப்பாளையத்து வீட்டில் என் உம்மம்மா ஒரு மண் உண்டியலை உடைப்பார். ஆண்டெல்லாம் சேர்த்த சில்லறை தரையில் சிதறும். பொட்டல்புதூர் கந்தூரிக்கான வழிச்செலவும் நேர்ச்சைச் சர்க்கரைக்கான பணமும் அதுதான்.

கடையத்துக்கு அருகே, இன்று தென்காசி மாவட்டத்தில் அமைந்துள்ள பொட்டல்புதூரில், முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் பெயரால் தர்கா விளங்குகிறது. அவர்களது கப்று அங்கு இல்லை. ஹிஜ்ரி 561இல், அதாவது கி.பி. 1166இல் மறைந்த அப்பெரியார் பக்தாதில் அடங்கியிருக்கிறார்கள். ஆயினும் அவர்களின் நினைவாக ஆண்டுதோறும் கந்தூரி நடைபெறுகிறது. முஸ்லிம்களோடு இந்துச் சகோதரர்களும் நேர்ச்சை ஏந்தி வருகின்றனர்.

மதரஸாவில் ஆசிரியராகச் சேர்ந்த புதிதில் நான் உம்மம்மாவைத் தடுத்தேன். இறந்தவரிடம் கையேந்துவது கூடாது என்று ஆதாரங்களை அடுக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் கேட்கவா போறேன் வாப்பா? நாலு சனத்தைப் பார்க்கப் போறேன்" என்றார். அதன்பின் அவர் பொட்டல்புதூர் செல்லவேயில்லை. நான் வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

அவர் மறைந்த சில ஆண்டுகளுக்குப் பிறகே தோப்பில் முஹம்மது மீரானின் நாவல்களை முறையாக வாசித்தேன். 1944இல் குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்த அவர், திருநெல்வேலியில் குடியேறி மிளகாய் வற்றல் வணிகம் செய்தவர். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வெளிவந்து, 1988இல் நூலாயிற்று. 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2019 மே 10ஆம் நாள் நெல்லையிலேயே அவர் காலமானார்.

மக்களின் நம்பிக்கையைத் தம் வயிற்றுப் பிழைப்பாக்கிக்கொள்ளும் ஒரு தங்களை முதல் நாவலிலேயே தோலுரித்துக் காட்டியவர் மீரான். எனவே, மூடநம்பிக்கைக்குத் துணைபோனவர் என்று அவரைக் கூற இயலாது. அவரே பின்னாளில் எழுதிய 'அஞ்சுவண்ணம் தெரு'வில், ஒரு பழைய தைக்காவையும் அதன் நிழலில் வாழும் ஏழைகளையும் பரிவோடு வரைந்தார். சீர்திருத்தக் குரல் எழும்போது அத்தெரு படும் பாட்டையும் மறைக்கவில்லை. ஏமாற்றுபவனை வெறுத்த அவர், நம்பியவர்களை வெறுக்கவில்லை. அந்தப் பக்கங்களில் என் உம்மம்மாவைக் கண்டேன்.

உலகின் பிற பகுதிகளிலும் கலைஞர்கள் இப்பணியைச் செய்துள்ளனர். மெக்சிகோ நாட்டு மக்கள் நவம்பர் 1, 2 ஆகிய நாட்களில் இறந்தோரை நினைவுகூர்ந்து விழா எடுக்கின்றனர். தியேகோ ரிவேரா என்னும் ஓவியர் 1920களில் அந்நாட்டுக் கல்வி அமைச்சகச் சுவர்களில் அவ்விழாவைத் தீட்டியபோது, தெருவில் திரண்ட மக்கள் கூட்டத்தையே பெரிதாகக் காட்டினார். அவருக்கு முன்னோடியான பொசாதா (1852–1913), சீமாட்டியையும் ஆடம்பரத் தொப்பி அணிந்த எலும்புக்கூடாகச் செதுக்கி, மரணத்தின் முன் மேலோர் கீழோர் இல்லை என்று எள்ளி நகையாடினார். நம் மையவாடியில் எல்லோரையும் ஒரே வெள்ளைத் துணியில் அடக்கம் செய்யும்போது நாம் கற்கும் பாடமும் அதுவன்றோ?

வாசக அன்பர்களே! கேட்பது அல்லாஹ்விடம் மட்டுமே என்னும் கொள்கையில் எனக்கு இன்றும் மாற்றமில்லை. கந்தூரியின் பெயரால் நிகழும் வீண் விரயத்தையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கப்றுகளைச் சந்திப்பதை முதலில் தடுத்திருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பின்னர் அதனை அனுமதித்தார்கள். மறுமையை அது நினைவூட்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். கொள்கையைச் சொல்லும் நாவு, கேட்பவரின் உள்ளத்தையும் அறிந்திருக்க வேண்டும். வறுமையிலும் தனிமையிலும் உழன்ற ஒரு முதியவள் ஆண்டுக்கொருமுறை நாலு மனிதரோடு அமர்ந்து உண்ட அந்த நாளை நான் எடுத்துக்கொண்டேன். அதற்கு ஈடாக எதையும் கொடுக்கவில்லை. கந்தூரிக்கு மாற்றாக நானே அவரை உறவினர் வீடுகளுக்கு அழைத்துச் சென்றிருக்கலாம். அந்த எண்ணம் எனக்குத் தோன்றவேயில்லை.

அவருடைய மவுத்துக்குப் பின் பரணில் மண் உண்டியல் கிடைத்தது. அது நிறைந்திருந்தது. போகாத பயணத்திற்கும் அவர் சேர்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அதனை உடைத்து, மதரஸா பிள்ளைகளுக்கு ஒருவேளை உணவளித்தோம். அன்று சோற்றுச் சஹனைச் சுற்றி நெருக்கியமர்ந்து உண்ட பிள்ளைகளைப் பார்த்தபோதுதான், "நாலு சனம்" என்று அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

எல்லாம் வல்ல அல்லாஹ் அவரது கப்றை விசாலமாக்குவானாக! பிறர் மனம் நோகாது நல்லதை எடுத்துரைக்கும் பக்குவத்தை நமக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.