“மேஜைக்கு அடியில வாம்மா!”

என்னவருக்கு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. 2019 மார்ச்சில் அவரை மூன்று வருடத்துக்கு ஜப்பானில் டோக்கியோ நகரத்துக்கு அனுப்பினார்கள். நானும் ஆறு வயது மகளும் கூடவே கிளம்பினோம். நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். திண்டுக்கல்லை விட்டால் மதுரை. அதுவும் யாராவது துணைக்கு வந்தால்தான். பாங்க்குக்குக்கூடத் தனியாகப் போனது கிடையாது. “பாஷை தெரியாத ஊர்ல இவ எப்படித்தான் குப்பை கொட்டப் போறாளோ” என்று மாமியார் கவலைப்பட்டார்.

அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, அங்கே முதல் பிரச்னையே குப்பை கொட்டுவதில்தான் வந்தது!

நாங்கள் இருந்தது நிஷிகசாய் என்ற பகுதியில், நாலாவது மாடி. நம் நாட்டவர் நிறையப் பேர் அங்கே குடியிருக்கிறார்கள். பருப்பு, புளி, மசாலா சாமான் எல்லாம் கிடைத்துவிடும். ஜப்பான் அரிசிச் சோறுதான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ரசத்துக்குச் சரிப்படாது. குளிர்காலத்தில் இட்லி மாவு பொங்கவே பொங்காது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, குழந்தையைத் தூங்க வைப்பது போல வைப்பேன்.

குப்பைக்கு அங்கே ஏகப்பட்ட சட்டம். எரிக்கிற குப்பை வாரத்தில் இரண்டு நாள். பாட்டில், டப்பா, காகிதம் எல்லாம் தனித்தனியாக வேறு நாள். காலை எட்டு மணிக்குள் குறித்த இடத்தில் வைத்து, காக்காய் கொத்தாமல் வலையால் மூட வேண்டும். நான் நாள் மாற்றி வைத்துவிட்டேன். மற்ற பைகளை எல்லாம் வண்டி எடுத்துப் போய்விட்டது. என் பை மட்டும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டு அநாதையாக நின்றது. அவமானத்தில் அழுகையே வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு காலண்டரோடு வந்து, கலர் பென்சிலால் ஒவ்வொரு நாளையும் வட்டம் போட்டுக் காட்டினார். எனக்கு ஜப்பான் பாஷை தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புரிந்தது.

ஏப்ரலில் பள்ளிக்கூடம் ஆரம்பம். மகளை அந்த வட்டாரத்து அரசுப் பள்ளியில் சேர்த்தோம். அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட நடந்துதான் போகிறார்கள். தலையில் மஞ்சள் தொப்பி, முதுகில் பெட்டி மாதிரி ஒரு தோல் பை, ஆபத்து என்றால் இழுத்து அலறவிட அதில் ஒரு சின்னக் கருவி. எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று பள்ளியே சொல்லிவிடும். வகுப்பில் சாப்பாடு பரிமாறுவதும், கூட்டித் துடைப்பதும் பிள்ளைகளேதான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு வாரம் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். போஸ்ட் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பேன். தெருமுனையில் கொடி பிடித்துப் பிள்ளைகளைக் கடக்கவிடும் பெரியவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு நாள் அவள் சட்டென்று திரும்பி, “பின்னால வராதம்மா. எல்லாரும் சிரிக்கிறாங்க” என்றாள். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மறுநாளிலிருந்து ஜன்னலோடு நின்றுவிட்டேன்.

மாலையானால் தெரு ஒலிபெருக்கியில் ஒரு பாட்டின் இசை வரும். பேரிடர் வந்தால் எச்சரிக்கிற ஒலிபெருக்கி அது. சரியாக வேலை செய்கிறதா என்று தினமும் பார்த்துக்கொள்கிறார்களாம். விளையாடுகிற பிள்ளைகளுக்கு அதுதான் வீட்டுக்குப் போகும் மணி. அது கேட்டு அவள் காலடிச் சத்தம் படியில் வரும் வரை எனக்கு உயிர் இருக்காது.

பள்ளியில் அடிக்கடி பூகம்ப ஒத்திகை நடக்கும். வீட்டுக்கு வந்து அவள் விளக்கமாகச் சொல்வாள். “சரி சரி, முதல்ல சாப்பிடு” என்று நான் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

2021 அக்டோபர் 7. இரவு மணி பத்து நாற்பத்தொன்று. இவர் ஆபீஸிலிருந்து வரவில்லை. திடீரென்று செல்போன் ஒரு மாதிரி அலறியது. அடுத்த நொடி வீடே ஆடியது. அலமாரியிலிருந்து டம்ளர்கள் விழுந்து உடைந்தன. நான், “முருகா!” என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அப்போது என் புடவையை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

“ஓடாதம்மா! மேஜைக்கு அடியில வா! தலைகாணிய தலையில வச்சுக்க!”

என் மகள்தான். எட்டு வயசு. தூக்கத்திலிருந்து எழுந்த பிள்ளை, குரலில் நடுக்கமே இல்லை. மேஜைக் காலை எப்படிப் பிடித்துக்கொள்வது என்று காட்டினாள். ஆட்டம் நின்றதும், “கேஸ் மூடியிருக்கான்னு பாரும்மா. செருப்புப் போட்டுக்க, கண்ணாடி குத்தும்” என்றாள். கதவு நெளிந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று வாசல் கதவைத் திறந்து வைத்தாள். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து எட்டிப் பார்க்க, இவள்தான் ஜப்பான் பாஷையில் பதில் சொன்னாள். நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன்.

அரை மணி கழித்து இவர் போன் செய்தார். ரயில் நின்றுவிட்டது, டாக்ஸிக்குப் பெரிய க்யூ என்றார். பத்து கிலோமீட்டர் நடந்து இரவு இரண்டு மணிக்கு வீடு வந்து சேர்ந்தார். 2011 மார்ச் பெரிய பூகம்பத்துக்குப் பிறகு டோக்கியோ நகரம் அவ்வளவு பலமாக ஆடியது அன்றுதானாம்.

அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. பூகம்ப பயம் பாதி. மீதி வேறு. கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து நான் காவல் காத்த பிள்ளை, ஆபத்து வந்தபோது என்னைக் காவல் காத்தது. அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பயப்படுவதையே பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரமே எங்கள் விலாசத்தை ஜப்பான் பாஷையில் மனப்பாடம் செய்தேன். ஆம்புலன்சுக்கும் தீயணைப்புக்கும் 119, போலீசுக்கு 110. மகள்தான் டீச்சர். தப்பாகச் சொன்னால், “இன்னொரு தரம்” என்பாள். ஊருக்கு வருவதற்குள் தனியாக ரயிலேறிப் போகவும், டாக்டரிடம் உடம்புக்கு என்ன என்று சொல்லவும் பழகிவிட்டேன்.

2022 மார்ச்சில் திரும்பி வந்தோம். இரண்டு தெரு தள்ளி ட்யூஷன். “நானே நடந்து போறேன்” என்றாள். “பொட்டப்புள்ளைய ரோட்டுல தனியா விடுறதாவது?” என்றார் மாமியார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இங்கே நடைபாதை கிடையாது. பஸ்ஸும் ஆட்டோவும் உரசிக்கொண்டு போகின்றன. கொடி பிடிக்கப் பெரியவரும் இல்லை. அங்கே போல அப்படியே விட்டுவிட முடியாது.

அதனால் ஒரு மாதம் கூடவே நடந்தேன், ஒளிந்து அல்ல. எங்கே கடக்க வேண்டும், யாராவது பின்தொடர்ந்தால் எந்தக் கடைக்குள் நுழைய வேண்டும் என்று காட்டினேன். எங்கள் இரண்டு பேர் செல் நம்பரும், ஆம்புலன்சுக்கு 108, குழந்தைகள் உதவிக்கு 1098 என்பதும் தலைகீழாகச் சொல்ல வைத்தேன். அப்புறம் ஒரு நாள் அவளைத் தனியாக அனுப்பிவிட்டு வாசலில் நின்றேன். கை நடுங்கியது, ஆனால் பின்னால் போகவில்லை. மாமியாரும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவள் வந்ததும், “வந்துட்டியா கண்ணு!” என்று முதலில் கட்டிக்கொண்டது அவர்தான்.

இப்போது பாங்க் வேலை எல்லாம் என் பொறுப்பு. மாமியாரையும் கூட்டிப் போகிறேன்!

சகோதரிகளே, இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டு விலாசம் முழுசாகத் தெரியுமா? கேஸ் சிலிண்டரை மூடத் தெரியுமா? எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும் என்று தெரியுமா? அதே கேள்வியை உங்களையும் ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றும் தெரியாமல்தான் முப்பது வயது வரை ஓட்டினேன்.

– ஒரு வாசகி, திண்டுக்கல்.