பாதியில் நின்ற வீடும் ஒரு கொப்பித் தாளும்

எங்கள் கிழக்குக் கரையில் பெண் பிள்ளை பிறந்த அன்றே வாப்பாவின் தலையில் ஒரு வீட்டின் பாரமும் ஏறிவிடுகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கும் வழக்கம் என்பதால், நிகாஹ்வுக்கு முன்பு வீடு எழும்பியாக வேண்டும். இந்த வழக்கம் சரியா பிழையா என்பது பலரும் எழுதி வாதித்த விஷயம். நான் எழுத வந்தது அதுவல்ல. அந்த வீட்டைக் கட்டும் பாஸுக்கும் கட்டுவிக்கும் வாப்பாவுக்கும் இடையில் வேலை பாதியில் நின்று சல்லிப் பிணக்கு வந்தால், அதை எப்படித் தீர்ப்பது என்பதையே எழுதுகிறேன். பட்டுத்தான் படித்தேன். படித்ததில் என் பிழையும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். 2021 செப்டம்பரில் மகளுக்காக 900 சதுர அடியில் ஒரு வீடு கட்டத் தொடங்கினேன். ஊரில் நல்ல பெயருள்ள ஒரு மேசன் பாஸ், என் மனைவிக்குத் தூரத்துச் சொந்தம். சாமானும் கூலியும் அவர் பொறுப்பு, சதுர அடி 4,500 ரூபா, மொத்தம் 40,50,000 ரூபா, ஆறு மாதத்தில் சாவி கையில் என்று பேசிக்கொண்டோம். ஒரு கொப்பித் தாளில் நாலு வரி எழுதி இருவரும் ஒப்பமிட்டோம். எந்தக் கட்டம் முடிந்தால் எவ்வளவு சல்லி, எந்த ரகச் சாமான், விலை ஏறினால் யார் பொறுப்பு, இவை ஒன்றும் அந்தத் தாளில் இல்லை. “சொந்தத்துக்குள்ள இதெல்லாம் என்னத்துக்கு சேர்?” என்றார் பாஸ். எனக்கும் அது சரியாகவே பட்டது.

பிறகு நடந்தது நாடறிந்தது. 2021 ஒக்டோபரில் அரசாங்கம் சீமெந்துக்கான கட்டுப்பாட்டு விலையை நீக்கியது. அந்த வருடத் தொடக்கத்தில் ஆயிரம் ரூபாவளவில் இருந்த மூட்டை, 2022 நடுப்பகுதியில் இரண்டாயிரத்து ஐந்நூறையும் தாண்டியது. டொலர் இருநூறிலிருந்து முந்நூற்றறுபது வரை ஏறியதில் கம்பி, டைல்ஸ், வயர் எல்லாம் கூடவே ஏறின. டீசல் இல்லாமல் மண் லொறிகள் வரிசையில் கிடந்தன. 2022 நோன்புக்கு இரண்டு கிழமை இருக்கும்போது எங்கள் வீட்டு வேலை நின்றது. பாஸ் போனை எடுப்பதில்லை. பெருநாள் கழிந்து நடக்க இருந்த நிகாஹ்வைத் தள்ளிப்போட்டோம். மகள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

அதுவரை ஆறு தடவையாக 33,00,000 ரூபா கொடுத்திருந்தேன். பாஸ் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். சுவர் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்த்துக் கொடுக்கவில்லை. வேறொரு பாஸைக் கூட்டிவந்து காட்டினேன். மிச்ச வேலையை முடிக்கப் புதிய விலையில் 21,00,000 ரூபா போகும் என்றார். பழைய பேச்சின்படி என்னிடம் மிச்சமிருந்தது 7,50,000. ஆகவே, பாஸ் எனக்கு 13,50,000 ரூபா தரவேண்டும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அவரோ, கூடுதல் வேலைக்கும் விலையேற்றத்துக்குமாக “சேர்தான் எனக்கு நாலு இலட்சம் தரணும்” என்று ஆட்களிடம் சொல்லித் திரிந்தார்.

இந்த நிலையில் நான் செய்த பெரிய பிழையைச் சொல்ல வேண்டும். ஜும்மா முடிந்து தேத்தண்ணிக் கடையில் இருந்தபோது, அவர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒருமுறையல்ல, பலமுறை. வாத்தியார் சொன்னால் ஊர் நம்பும். அவருக்குப் பேசியிருந்த இரண்டு வேலைகள் கைநழுவிப் போயின என்பது பின்னால்தான் தெரியவந்தது.

பொலிஸுக்குப் போகலாமா என்றும் யோசித்தேன். சட்டம் தெரிந்த ஒரு மாணவன், “சேர், தொடக்கத்திலேயே ஏமாத்துற எண்ணத்தோட சல்லி வாங்கினாத்தான் அது மோசடி. வேல செஞ்சி இடையில நிண்டா அது சிவில் பிணக்கு” என்றான். பள்ளிவாசலுக்குப் போனேன். நம்பிக்கையாளர் ஒருவர், இருவரையும் பள்ளியில் சத்தியம் பண்ணச் சொல்லி முடித்துவிடலாம் என்றார். மௌலவி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. “ரெண்டு பேரும் உண்மையாத்தான் நம்புறீங்க. ரெண்டு பேரும் சத்தியம் பண்ணினா கணக்கு எப்படித் தீரும்? முதல்ல அளந்து பாருங்க” என்றார். நம்பிக்கையாளர் சபையில் பாஸின் மச்சினன் ஒருவரும் இருந்ததால், விசாரணையை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் அவரே சொன்னார்.

அளந்து பார்த்தோம். ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரைக் கூட்டிவந்தேன். பாஸும் வரவேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. ஒருவர் இல்லாமல் எடுத்த அளவை மற்றவர் ஏற்கமாட்டார் என்பது அவருடைய அனுபவம். மௌலவி போன் பண்ணியதால் பாஸ் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று அந்த உத்தியோகத்தர் செய்த கணக்கை நான்கு படிகளாகப் பிரிக்கலாம். யாருக்கும் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதற்படி: பேசிய விலைக்குள் செய்து முடித்த வேலையின் பெறுமதி. மொத்த 40,50,000 ரூபாவையும் கட்டம் கட்டமாகப் பிரித்தார். அத்திவாரம் 6,00,000, சுவரும் லின்டலும் 7,50,000, கூரை 8,50,000, கதவு யன்னல் 5,00,000, பூச்சு 4,50,000, நிலமும் டைல்ஸும் 4,50,000, வயரிங்கும் தண்ணீர்க் குழாயும் குளியலறையும் 3,00,000, பெயின்ட் 1,50,000. அத்திவாரம், சுவர், கூரை மூன்றும் முழுமை. கதவு யன்னலில் நிலைகள் மட்டும் பொருத்தியிருந்தன, அதற்கு 2,00,000. உட்பூச்சுக்கு 2,50,000. சுவருக்குள் போட்ட குழாய்களுக்கு 1,00,000. ஆகக்கூடி 27,50,000. நான் கொடுத்தது 33,00,000. எனவே கூடுதலாகப் போனது 5,50,000 ரூபா.

புதிய விலையில் மிச்ச வேலைக்கு எவ்வளவு போகும் என்பதை அவர் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. “நாட்டுல விலை ஏறினத்துக்கு முழுக்க பாஸ் பொறுப்பெண்டு எந்தத் தாளில இருக்கு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. என் பதின்மூன்றரை இலட்சத்தின் பெரும்பகுதி அந்த ஒரு கேள்வியில் கரைந்துவிட்டது.

இரண்டாம் படி: பேச்சுக்கு வெளியே செய்த கூடுதல் வேலை. படத்தில் அத்திவாரம் நிலத்துக்கு மேல் இரண்டடி. அளந்தால் மூன்றடி இருந்தது. நான் அப்படிச் சொல்லவேயில்லை என்று மறுத்தேன். அடுப்படிப் பக்கமிருந்து மனைவியின் குரல் வந்தது: “நீங்கதானே சொன்னீங்க, மாரியில தண்ணி ஏறும், ஒரு அடி உசத்தச் சொல்லி.” உண்மைதான். மறந்தே போயிருந்தேன். அதற்குக் கல்லும் மண் நிரப்பலும் கூலியுமாக 1,20,000. குசினியை நீட்டச் சொன்னது மனைவி, அது 70,000. இரண்டும் சேர்த்து 1,90,000 ரூபா பாஸுக்குச் சேரவேண்டியது.

மூன்றாம் படி: விலையேற்றம். செய்து முடித்த வேலைக்கு மட்டும், கடை ரசீது காட்டக்கூடிய அளவுக்கு மட்டும். பாஸ் ஒரு சொப்பின் பையில் ரசீதுகளை வைத்திருந்தார். பேசிய காலத்து விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம் 1,20,000. எழுத்தில் ஒன்றுமில்லாததால் இதைப் பாதிப் பாதியாகப் பொறுப்பதே நியாயம் என்றார். என் பங்கு 60,000.

நான்காம் படி: பிழையான வேலை. கூரையின் ஒரு மூலையில் ஒழுக்கு இருந்தது. திருத்தச் செலவு 40,000 ரூபா, அது பாஸின் கணக்கில்.

ஆக, 5,50,000இலிருந்து 1,90,000ஐயும் 60,000ஐயும் கழித்து, 40,000ஐக் கூட்டினால், பாஸ் எனக்குத் தரவேண்டியது 3,40,000 ரூபா. நான் கேட்டதில் கால்வாசிதான் வந்தது. அவருக்கோ, சல்லி வரவேண்டியிருப்பதாக நினைத்தவர் சல்லி கொடுக்கவேண்டியவரானார். அன்று இருவரும் ஒத்துக்கொள்ளாமல்தான் எழும்பிப் போனோம். ஆனால் கையில் ஒரு தாள் இருந்தது.

அந்தத் தாளோடுதான் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பித்தேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்டவை இந்தச் சபைகள். ஊரறிந்த, பயிற்சி பெற்ற ஆட்கள் சம்பளமில்லாமல் இருந்து பிணக்கைக் கேட்கிறார்கள். சட்டம் குறிப்பிடும் தொகைக்கு உட்பட்ட பணப் பிணக்கை நேரே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது. சபையில் இணக்கம் காணப்படவில்லை என்ற சான்றிதழ் வேண்டும். சட்டத்தரணி வந்து வாதாட முடியாது. அவரவர் கதையை அவரவரே சொல்ல வேண்டும். சபை தீர்ப்பு வழங்குவதில்லை. இருவரும் இணங்கினால் அதை எழுதி ஒப்பம் வாங்குவார்கள். “தீர்ப்புத் தராத இடத்துக்கு எதுக்குப் போற?” என்று என் தம்பி கேட்டான். போன பிறகுதான் அதன் பயன் விளங்கியது. தீர்ப்புக்குப் பயந்து யாரும் பொய் சொல்லவேண்டிய அவசியம் அங்கே இல்லை.

ஒரு பாடசாலை வகுப்பறையில் மூன்று பேர் இருந்தார்கள். முதலில் பாஸைப் பேசவிட்டார்கள். ஹாட்வெயார் கடைக்குக் கடன், கையாட்களுக்குக் கொடுக்காத கூலி, போனை எடுக்காததற்கு வெட்கம், எல்லாம் வந்தது. கடைசியில் அவர் சொன்னார்: “சல்லிய விடுங்க. சேர் என்ன ஏமாத்துக்காரன் எண்டு கடையில இருந்து சொன்னாரு. எண்ட மகன்மாருக்கும் இப்ப வேல இல்ல.” வகுப்பறையில் முப்பது வருடம் பேசிய எனக்கு அன்று வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “அது என்ட பிழை பாஸ், மாப்புத் தாங்க” என்றேன். சொன்ன இடத்திலேயே திருத்திச் சொல்வதாகவும் ஒத்துக்கொண்டேன். அடுத்த ஜும்மாவுக்குப் பிறகு அதே கடையில் சொன்னேன். சொல்வது இலேசாக இருக்கவில்லை.

அதற்குப் பிறகு கணக்கில் சண்டை இருக்கவில்லை. அவரிடம் ரொக்கம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எனவே 2,60,000 ரூபாவுக்கு அவரும் இரண்டு மகன்மாரும் வெளிப்பூச்சு, டைல்ஸ், பெயின்ட் வேலைகளின் கூலியாகக் கழித்துத் தருவது, சாமான் நான் வாங்கிக் கொடுப்பது, மிச்ச 80,000 ரூபாவை மாதம் 20,000 வீதம் நாலு மாதத்தில் தருவது என்று எழுதினோம். வேலை முடியும் திகதிகளையும் எழுதினோம். ஒரு மாதத் தவணை மட்டும் பிந்தியது. மற்றதெல்லாம் எழுதியபடி நடந்தது.

இதைப் படிப்பவர்களில் வீடு கட்ட இருப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குச் சில வார்த்தைகள்.

சல்லியைக் காலண்டர் பார்த்துக் கொடுக்காதீர்கள், கட்டம் பார்த்துக் கொடுங்கள். முற்பணம் சிறிதாக இருக்கட்டும். ஒவ்வொரு கட்டமும் முடிந்து அளந்த பிறகே அடுத்த தொகை. அதேபோல், கட்டம் முடிந்தால் ஒரு நாளும் பிந்தாமல் கொடுத்துவிடுங்கள். பாஸுக்குப் பின்னால் நாட்கூலிக்காரர்களின் அடுப்பு இருக்கிறது. மொத்தத்தில் ஐந்து முதல் பத்து வீதத்தை ஒரு மாரி கழியும்வரை நிறுத்திவைப்பதாக முன்கூட்டியே பேசி எழுதுங்கள். ஒழுக்கு, வெடிப்பு எல்லாம் மழையில்தான் தெரியும். இடையில் எதையாவது கூட்டவோ மாற்றவோ சொன்னால், அதை யார் சொன்னது, எவ்வளவு என்று அன்றே அதே கொப்பியில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். விலை ஏறினால் எந்த அளவுக்கு மேல் எப்படிப் பங்கிடுவது என்றும் ஒரு வரி எழுதுங்கள். பிணக்கு வந்துவிட்டால் வேறு ஆளை இறக்குவதற்கு முன்பு, நின்ற வேலையை இருவரும் நிற்க அளந்து படமும் எடுத்துவையுங்கள். புதிய பூச்சு ஏறிய பிறகு பழைய வேலையை யாராலும் அளக்க முடியாது.

காலமும் கவனிக்க வேண்டியது. எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப் பேச்சுக்கு மூன்று வருடம், செய்த வேலைக்கான கூலிக்கு ஒரு வருடம் என்று வழக்குத் தொடரச் சட்டத்தில் எல்லை இருக்கிறது. “சொந்தக்காரன்தானே, பாப்பம்” என்று தள்ளிப்போடுவது பெரும்பாலும் கூலிக்காரனைத்தான் பாதிக்கும்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதும் சாட்சி வைப்பதும்தான் அதன் பொருள். சிறிய தொகையானாலும் எழுதச் சோம்ப வேண்டாம் என்கிறது. பல நூறு தடவை ஓதிய வசனம். சொந்தத்துக்குள் எழுதுவது நம்பிக்கைக் குறைவு என்று நினைத்த நான், அதை ஓதியிருக்கிறேனே தவிர விளங்கியிருக்கவில்லை.

மகள் இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறாள். போன வருடம் முன்மதில் கட்ட அதே பாஸைக் கூப்பிட்டேன். வந்தவர் இடத்தை அளந்துவிட்டு, நான் வாய் திறக்கும் முன்பே சேர்ட் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். “சேர் சொல்லுங்க, நான் எழுதுறன்” என்றார்.