எலும்போடு ஒட்டிக்கொண்ட கண்ணாடி!

காலில் கண்ணாடித் துண்டு குத்தினால் என்ன செய்வோம்? உடனே பிடுங்கி எறிவோம். ஆனால், எலும்புக்குள் வைத்தால் எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொள்ளும் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதன் கதையைத் தெரிந்துகொள்வோமா, குழந்தைகளே!

கை ஒடிந்தால் மாவுக்கட்டு போடுவார்கள். சில வாரங்களில் எலும்பு தானாகவே கூடிவிடும். ஏனென்றால், எலும்புக்கு உயிர் உண்டு. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும், புதிய எலும்பைக் கட்டும் செல்களும் அதில் ஓயாமல் வேலை செய்கின்றன. ஆனால், விபத்தில் ஒரு பெரிய துண்டே போய்விட்டால், அந்த இடைவெளியை எலும்பால் தானாக நிரப்ப முடியாது.

1967ம் ஆண்டு, அமெரிக்கப் பேராசிரியர் லாரி ஹென்ச் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். பக்கத்தில், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ராணுவ அதிகாரி ஒருவர் இருந்தார். காயம்பட்ட வீரர்களுக்கு உலோகமோ பிளாஸ்டிக்கோ வைத்தால் உடம்பு ஏற்பதில்லை. கை, கால்களையே எடுக்க வேண்டியிருக்கிறது என்று அவர் வருந்தினார். உடம்பு ஏற்கும் பொருளைச் செய்ய முடியுமா என்றும் கேட்டார்.

அந்தக் கேள்வி ஹென்ச்சை விடவில்லை. எலும்பின் கடினத்துக்குக் காரணம் கால்சியமும் பாஸ்பரசும்தானே? 1969ம் ஆண்டு, புளோரிடா பல்கலைக்கழகத்தில் அவர் அவற்றோடு சிலிக்காவும் சோடியமும் சேர்த்துக் கண்ணாடி உருக்கினார். அதை எலிகளின் தொடை எலும்பில் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து எடுக்கப் பார்த்தால், கண்ணாடி அசையவே இல்லை!

காரணம் இதுதான். உடம்பின் நீர் பட்டதும் அந்தக் கண்ணாடியின் மேற்பரப்பு மெல்லக் கரைகிறது. எலும்பில் உள்ளது போன்ற தாது அதன்மேல் படிகிறது. எலும்பு செல்கள் அதைத் தங்கள் வீடாகவே நினைத்துக் குடியேறிவிடுகின்றன! இதற்குப் 'பயோகிளாஸ்' என்று பெயர். 1980களில், காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகளுக்குப் பதிலாக இதைப் பொருத்தினார்கள்.

ஆனாலும் கண்ணாடி, கண்ணாடிதானே! உடம்பின் பாரத்தைச் சுமக்கும் தொடை எலும்பில் வைத்தால் நொறுங்கிவிடும். உலோகம் நொறுங்காது. ஆனால், பாரத்தை அதுவே சுமப்பதால், வேலையில்லாத எலும்பு மெலிந்துபோகும்.

இங்கேதான் கார்பன் வருகிறது. பென்சில் முனையில் இருக்கும் அதே கார்பன்தான்! இழையாக்கினால் எடை குறைவு, வலிமையோ அதிகம். ஆனால், எலும்பு அதோடு எளிதில் ஒட்டாது. அதனால், கார்பனோடு பயோகிளாசையோ எலும்பின் தாதுவையோ சேர்த்துக் கூட்டுப்பொருள் செய்து, விஞ்ஞானிகள் சோதித்து வருகிறார்கள். மண்சுவர் வெடிக்காமலிருக்க, களிமண்ணில் வைக்கோல் சேர்ப்பார்களே, அதுபோலத்தான். ஒன்று வலிமை தரும், மற்றொன்று உறவாடும்.

லாரி ஹென்ச் 2015ம் ஆண்டு காலமானார். 'போயிங் போயிங்' என்ற இயந்திரப் பூனையைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகங்களும் எழுதியவர் அவர். பேருந்தில் கேட்ட ஒரு கேள்வியை அவர் மறந்திருந்தால், இந்தக் கண்ணாடி பிறந்திருக்குமா? நீங்களும் நல்ல கேள்விகளைக் கேளுங்கள், கேட்டதை மறக்காதீர்கள்!