கம்பம் திராட்சைப் பாகில் சுட்ட காடை

கம்பம் பள்ளத்தாக்குக்கு இரண்டு பக்கமும் மலை. கிழக்கே மேகமலை, மேற்கே கேரள எல்லையில் ஏலமலை. நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல், தென்னை, வாழை, திராட்சைப் பந்தல். மலையோரத்து ஊர்களில் ஒரு காலத்தில் கண்ணி வைத்துப் பிடித்த கவுதாரியும் காட்டுக்கோழியும் அடுப்பேறின. அந்தக் கறியின் ருசியைப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். பேச்சோடு நிற்க வேண்டிய ருசி அது. நாக்கு கேட்கும் விருந்தைக் காட்டைத் தொடாமலே சமைக்கலாம். அதற்கு வேண்டிய பறவையும் பழமும் இந்த மண்ணிலேயே கிடைக்கின்றன.

காட்டுப் பறவை காட்டுக்கே

1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக்கோழி, கவுதாரி, காட்டுக்காடை எதைப் பிடித்தாலும், கொன்றாலும், விற்றாலும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. மேகமலைக் காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கியவை. சட்டத்துக்குப் பயந்துதான் விட வேண்டும் என்பதில்லை. இந்த மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. அதன் கழுத்து இறகின் அழகே அதற்கு எமனானது. தூண்டிலில் கட்டும் செயற்கைப் பூச்சி செய்ய இங்கிலாந்துக்கு அந்த இறகுகள் மூட்டை மூட்டையாகப் போன காலம் உண்டு.

வீட்டுக்கோழி இந்தப் பறவைக்குக் கடன்பட்டிருக்கிறது. கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் சமையலறைக்குத் தன் பங்கை எப்போதோ கொடுத்துவிட்ட பறவை அது. இனி அதனிடம் கேட்க நமக்கு ஒன்றும் இல்லை.

பண்ணைக் காடை

சிறு பறவைக் கறிக்கு இன்று நம்மிடம் இருப்பது ஜப்பானியக் காடை. 1974-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்து உத்தரப்பிரதேசத்தின் இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தது. பிறகு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நம் ஊருக்கு ஏற்றபடி நாமக்கல் காடை, நந்தனம் காடை போன்ற ரகங்களை உருவாக்கியது. முட்டை பொரிக்க 17, 18 நாள். குஞ்சு கறிக்குத் தயாராக 5 வாரம். எடை சுமார் 200 கிராம். பண்ணையில் வளரும் இந்தக் காடைக்கு அடைகாக்கும் பழக்கம் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டதால் இன்குபேட்டரில் வைத்துத்தான் பொரிக்கிறார்கள்.

காடை விருந்து தமிழருக்குப் புதிதல்ல. குறுந்தொகைப் பாடல் ஒன்றில் நல்ல சேதி கொண்டுவந்தவனுக்கு நெய்யில் சமைத்த குறும்பூழ்க் கறி கிடைக்கட்டும் என்று தோழி வாழ்த்துகிறாள். குறும்பூழ் என்றால் காடை.

பந்தலில் தொங்கும் பாகு

கறியில் இனிப்பா என்று முகம் சுளிக்க வேண்டாம். ஈரானில் வாத்துக் கறியை மாதுளைச் சாற்றுப் பாகில் வேகவைக்கிறார்கள். பிரான்சில் காடையையும் திராட்சையையும் சேர்த்துச் சமைப்பது பழைய வழக்கம். கம்பத்துக்குத் திராட்சையைக் கொண்டுவந்தவரும் 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் என்று இங்கே சொல்லப்படுகிறது.

இங்கே விளைவது பன்னீர் திராட்சை. கருநீல நிறம், உள்ளே விதை, கடித்தால் ரோஜா மணம். உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் ரகம் இது. ரோஜா எண்ணெயில் இருக்கும் ஜெரானியால் போன்ற வாசனைப் பொருட்கள் இதிலும் இருக்கின்றன. மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு ஒரு அறுவடை. இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துக் காலத்தை மாற்றிச் செய்வதால் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு பந்தலில் பழம் தொங்கும். கவாத்து செய்த நாளிலிருந்து ஏறக்குறைய 4 மாதத்தில் வெட்டு. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனைமலையான்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

இத்தனை இருந்தும் வெட்டும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் விவசாயி கலங்கிப் போகிறார். பழம் வெடிக்கும், குலை அழுகும், வியாபாரி விலையைக் குறைப்பார். வெடிப்பு விழுந்த அன்றே காய்ச்சினால் அந்தப் பழமும் அருமையான பாகாகும். அழுகலும் பூசணமும் தொட்ட பழத்தை மட்டும் தயங்காமல் நீக்கிவிட வேண்டும்.

சுடும் முறை

நான்கு காடைக்கு அரை கிலோ திராட்சை போதும். மருந்து அடித்த பழம் என்பதால் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து நன்றாகக் கழுவுங்கள். மிக்ஸியில் அரைக்காதீர்கள், விதை உடைந்தால் சாறு கசக்கும். கையால் பிசைந்து பத்து நிமிடம் சூடாக்கி வடிகட்டுங்கள். அதில் இரண்டு மேசைக்கரண்டி சாற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியை மூன்றில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சுங்கள். தட்டிய ஏலக்காய் இரண்டு, மிளகுத் தூள், ஒரு சிட்டிகை உப்பு. ஏலக்காய்க்குப் பக்கத்திலேயே போடிநாயக்கனூர் இருக்கிறது. தேன் பதம் வந்ததும் இறக்கி, எடுத்து வைத்த சாற்றைக் கலந்துவிடுங்கள். அதிகக் கொதியில் பறந்துவிடும் மணம் இப்படித்தான் தங்கும்.

காடையின் முதுகெலும்பைக் கத்தரியால் வெட்டி எடுத்து, நெஞ்சை அழுத்தித் தட்டையாக்குங்கள். பல கடைகளில் தோலை உரித்தே கொடுப்பார்கள். தோலோடு கேட்டு வாங்குங்கள், கறி வறளாது. உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, நல்லெண்ணெய் தடவி ஒரு மணி நேரம் ஊறட்டும். கொட்டாங்கச்சிக் கரி சாம்பல் பூத்த பிறகு கம்பி வலையில் வைத்து, பக்கத்துக்கு ஐந்தாறு நிமிடம் சுடுங்கள்.

பாகை முதலிலேயே தடவிவிடக் கூடாது. திராட்சையின் இனிப்பில் ஏறக்குறைய பாதி ஃபிரக்டோஸ். சர்க்கரை வகைகளிலேயே மிகக் குறைந்த சூட்டில் கருகத் தொடங்குவது அதுதான். கறி வேகும் முன்பே மேலே கரியாகிக் கசக்கும். கறி வெந்து, தொடையில் குத்தினால் வரும் நீர் தெளிவாக இருக்கும்போது, கடைசி மூன்று நிமிடத்தில் இரண்டு மூன்று பூச்சாகத் தடவித் திருப்புங்கள். புளிப்பும் இனிப்பும் மிளகுக் காரமும் புகை மணமும் ஒன்றாகச் சேரும்.

கம்பம் வழியாகத்தான் தேக்கடிக்குப் போகும் தமிழ்நாட்டுக் கார்களும் வேன்களும் ஏறுகின்றன. அந்தச் சாலையோர உணவகங்களின் பலகையில் திராட்சைக் காடை என்று ஒரு வரி சேர வேண்டும். மழையில் வெடித்த குலைக்கு அன்றே ஒரு விலை கிடைக்கும், காடைப் பண்ணை வைத்திருக்கும் குடும்பத்துக்கு வியாபாரம் கூடும். யாராவது ரகசியமாகக் காட்டுக் கவுதாரி இருக்கிறது என்று அழைத்தால் நாம் சொல்ல வேண்டிய பதிலும் அந்தப் பலகையிலேயே இருக்கும்.