காரின் மின்குழிக்குள் காசு விழுந்தால்



காரில் கியர்க் கம்பிக்கு முன்னால் வட்டமான ஒரு குழி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னாளில் சிகரெட் பற்றவைப்பதற்கென்று வைக்கப்பட்டது அது. பெரியவர்கள் பலர் இன்னமும் அதை 'லைட்டர் ஓட்டை' என்றே சொல்கிறார்கள். இப்போது கைத்தொலைபேசிக்கு மின்னேற்றத்தான் அது பயன்படுகிறது. மூடி மட்டும் தொலைந்துவிட்டால், மேலே வைத்த சில்லறை உருண்டு விழுவதற்கு அதைவிட வாய்ப்பான இடம் காரில் இல்லை.

குழியின் வாய் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் அகலம். 2012-ஆம் ஆண்டு நம் நாட்டில் வெளிவந்த நாணயங்களில் 5 காசு, 10 காசு, 20 காசு மூன்றுமே அதைவிடச் சிறியவை. 20 காசு ஒட்டிப் பிடித்தாற்போல் இறங்கும். 50 காசு மட்டும் நுழையாது. காசு தவிர, மின்னேற்றியின் முனையிலுள்ள சிறு திருகுமூடி கழன்று, அதன் சுருள்கம்பியோடு உள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. பிள்ளைகள் மிட்டாய் சுற்றிய வெள்ளித்தாளைத் திணித்துவைப்பதைச் சொல்லவே வேண்டாம்.

விழுந்தால் என்ன, விரலை விட்டு எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். குழியின் அமைப்பை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அடியில் நடுவே இருக்கும் குமிழ் பேட்டரியின் நேர்முனையோடு இணைந்தது. சுற்றுச்சுவர் எதிர்முனையோடு, அதாவது காரின் உடலோடு இணைந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் காவல். காசு சாய்ந்து விழுந்து குமிழையும் சுவரையும் ஒருசேரத் தொட்டால் அந்தக் காவல் போய்விடுகிறது. மின்சாரம் தடையின்றிப் பாய்கிறது. இதைத்தான் குறுக்குச்சுற்று என்கிறோம்.

ஐந்தாம், ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு நான் ஒரு சோதனை காட்டுவது வழக்கம். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரில் ஒரே ஓர் இழையை எடுத்து, டார்ச் பேட்டரியின் இரு முனைகளையும் இடுக்கியால் பிடித்த அந்த இழையால் இணைத்தால், இழை சிவந்து அறுந்துவிடும். டார்ச் பேட்டரி 1.5 வோல்ட், கார் பேட்டரியோ 12 வோல்ட். அதுவும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு நொடியில் தரவல்லது.

நல்லவேளையாக, இடையில் பியூஸ் இருக்கிறது. இந்தக் குழிக்குப் பெரும்பாலும் 15 அல்லது 20 ஆம்பியர் பியூஸ் போடுவார்கள். நீலநிறம் 15, மஞ்சள் 20. காசு அழுந்தத் தொட்டால் பியூஸ் எரிந்து மின்சாரம் நின்றுவிடும். அது நல்லது. காசு பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருப்பதுதான் கெட்டது. அப்போது 10 ஆம்பியர் ஓடினாலும் 15 ஆம்பியர் பியூஸ் எரியாது. 12 வோல்ட்டையும் 10 ஆம்பியரையும் பெருக்குங்கள்; 120 வாட். பழைய நூறு வாட் குமிழ்விளக்கைத் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு எப்படியென்று தெரியும். அத்தனை சூடு அந்தச் சிறு குழிக்குள் பிறந்தால் பிளாஸ்டிக் உருகும், கம்பியின் உறை கருகும்.

12 வோல்ட் ஆளை அடித்துவிடாதே என்பார்கள். உலர்ந்த கையில் அடிக்காதுதான். ஆனால் மோதிர விரலை உள்ளே விட்டால், மோதிரமே குறுக்குச்சுற்றாகிக் கணத்தில் கொதித்து விரலைச் சுட்டுவிடும். ஆகவே மோதிரத்தையும் வளையலையும் முதலில் கழற்றுங்கள்.

அடுத்து, சாவியைத் திருப்பி அணையுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். சில கார்களில் சாவியை எடுத்த பின்னும் இந்தக் குழியில் மின்சாரம் இருக்கும். பியூஸ் பெட்டியின் மூடியிலோ காரின் கையேட்டிலோ உள்ள படத்தைப் பார்த்து, குழிக்குரிய பியூஸைப் பிடுங்கி எடுங்கள். எது என்று ஐயமாக இருந்தால் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடலாம். எதிர்முனையைத்தான் முதலில் கழற்றவேண்டும். நேர்முனையில் ஸ்பேனர் இருக்கும்போது அது காரின் உடலைத் தொட்டால் பெரும் பொறி பறக்கும். எதிர்முனை கழன்றிருந்தால் தொட்டாலும் பறக்காது. இரட்டை இயக்கக் கார், மின்சாரக் கார் வைத்திருப்போர் இதில் கைவைக்காமல் பட்டறைக்குப் போவது நல்லது.

மின்சாரம் நின்றபின் டார்ச் அடித்துப் பாருங்கள். சீன உணவுக்கடையில் தரும் மூங்கில் குச்சி ஒன்று போதும். அதன் நுனியில் இருபுறமும் ஒட்டும் நாடாவைச் சுற்றி, காசின் மேல் அழுத்தி, மெல்ல இழுங்கள். பிளாஸ்டிக் இடுக்கி இருந்தால் இன்னும் எளிது. பென்சில் மரந்தானே என்று அதை எடுக்காதீர்கள். உள்ளிருக்கும் கரிக்கூரில் மின்சாரம் ஓடும். கத்தி, கத்தரி, கொண்டை ஊசி எதுவும் ஆகாது. காந்தமும் உலோகந்தான். உடனே ஒட்டும் பசையைக் குச்சியில் தடவுவோரும் உண்டு. அது வழிந்து காசைக் குழியோடு சேர்த்து ஒட்டிவிட்டால் குழியையே மாற்றவேண்டிவரும். பழைய குழிகளின் அடியில் லைட்டரைப் பிடிக்கும் இரண்டு தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். காசு அவற்றில் சிக்கியிருந்தால் இழுக்காதீர்கள். பக்கவாட்டில் சற்று அசைத்துத் திருப்பினால் வந்துவிடும். வெள்ளித்தாள் என்றால் துண்டு துண்டாகக் கிழியும். கடைசித் துணுக்கு வரும்வரை பொறுமை வேண்டும்.

எடுத்தபின் குழியை மோந்து பாருங்கள். கருகிய வாடையோ, உருகிய பிளாஸ்டிக்கோ தென்பட்டால் பியூஸைத் திரும்பப் போடாமல் பட்டறையில் காட்டுங்கள். இல்லையென்றால், முன்பிருந்த அதே ஆம்பியர் பியூஸைப் போடலாம். எரிந்துபோன பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிவைக்கும் 'கெட்டிக்காரர்கள்' சிலர் நம்மிடையே உண்டு. அவர்கள் காரில் அடுத்த முறை எரியப்போவது பியூஸ் அல்ல, கம்பி. புது பியூஸும் உடனே எரிந்தால், உள்ளே இன்னும் ஏதோ கிடக்கிறது என்று பொருள்.

பேட்டரியைக் கழற்றியிருந்தால் எதிர்முனையைக் கடைசியாக மாட்டுங்கள். காரின் கடிகாரத்தை மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். சில கார்களில் வானொலி இரகசிய எண் கேட்கும். அந்த எண் கையேட்டில் இருக்கிறதா என்று கம்பியைக் கழற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.