கொள்கலனுக்குள் ஒரு பட்டறை

சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் விளைந்த மின்சாரம் 1902-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் கோலார் தங்கவயலை வந்தடைந்தது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பிவழி ஓடி வந்த அம்மின்சாரம் வினாடிக்கு 25 சுழற்சி கொண்டது. பின்னாளில் நாடெங்கும் நிலைபெற்றதோ 50 சுழற்சி. 25 சுழற்சிக்கென்று வடித்த மோட்டாரை 50 சுழற்சியில் பூட்டினால் அது இருமடங்கு விரைவாகச் சுழல முற்படும். அதனுடன் பிணைந்த இயந்திரம் அவ்வேகத்தைத் தாங்காது. மோட்டாரிலும் குற்றமில்லை, மின்சாரத்திலும் குற்றமில்லை. ஒன்று மற்றொன்றுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே.

கணிப்பொறித் துறையில் புகும் இளைஞர் முதன்முதலில் முட்டிக்கொள்வதும் இவ்வகைச் சுவரில்தான்.

தங்கவயலின் வடபுறத்தில் உள்ளது பாலகாட். ஒரு காலத்தில் தனிச் சுரங்கமாகவே விளங்கிய இடம் அது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் தங்கவயலின் சுரங்கப் பணி நின்றது. அதன்பின் தங்கவயல் மக்களுள் பலர் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலில் பெங்களூருக்குச் சென்று, உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். கணிப்பொறி கற்ற இளைஞர் பலருக்கும் அதே பயணந்தான். வேலை தேடிச் செல்லும் இடத்தில், "நீ செய்தது யாது? காட்டு" என்று கேட்கிறார்கள். காட்டுவதற்கு ஒன்று வேண்டும். கட்டணமின்றி, பரிந்துரையின்றி, உலகறியத் தம் கைவேலையைக் காட்ட இடந்தருவது திறந்த மூல மென்பொருள். அதன் மூல நிரல் யாவர்க்கும் பொது; எவரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தத்தை ஏற்குமாறு வேண்டலாம்.

எடுத்துக்காட்டாக மீடியாவிக்கி என்னும் மென்பொருளைக் கொள்வோம். 2003-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், பழந்தமிழ் நூல்களை எழுத்துக்களாக்கித் தரும் தமிழ் விக்கிமூலமும் இதன்மேல்தான் இயங்குகின்றன. இதில் தமிழர் திருத்த என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அகரவரிசையை மட்டும் பாருங்கள். மயில், மழை, மனம் என்பதே தமிழ் அகராதி வரிசை; யகரம் முன்னே, ழகரம் பின்னே, றகர னகரம் இறுதியில். ஆனால் யூனிகோடு எண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தே வைக்கப்பட்டுள்ளது. ஆகவே அவ்வெண்களை மட்டும் நம்பி அடுக்கும் பொறி மனம், மயில், மழை என்று அடுக்கிவிடும். இதைப் பிழையென்று காணும் கண் தமிழ் படித்தவர்க்கே உண்டு. இத்தகைய பிழையைக் கண்டு களைய விரும்புகிறவர், முதலில் அம்மென்பொருளைத் தம் வீட்டுக் கணிப்பொறியில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் தொல்லை. மீடியாவிக்கி பிஎச்பி என்னும் மொழியில் எழுதப்பட்டது. அதன் 1.43-ஆம் பதிப்புக்குப் பிஎச்பி 8.1 அல்லது அதற்கு மேற்பட்டது தேவை. 2020-இல் வெளிவந்த உபுண்டு முறைமையிலோ 7.4 தான் உண்டு. புதியதை நிறுவினால், அதே கணிப்பொறியில் பழையதை நம்பி ஓடும் வேறொரு மென்பொருள் நின்றுபோகக்கூடும். இதனோடு தீர்வதில்லை. தரவுத்தளம் ஒன்று, இணையப் பணியகம் ஒன்று, மொழிவழி வரிசைக்குரிய துணைத்தொகுதி ஒன்று என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண் உண்டு. "என் கணிப்பொறியில் ஓடுகிறதே" என்பார் ஒருவர். "என்னிடத்தில் ஓடவில்லையே" என்பார் மற்றவர். இருவர் சொல்லும் மெய். இரண்டு நாள் போராடிவிட்டு, இது நமக்கு ஆகாத கல்வி என்று கைவிட்டவர் எத்தனை பேரோ! அவர்கள் தோற்றது நிரலில் அன்று. நிரலை அடையுமுன் வாயிற்படியிலேயே தோற்றார்கள். இது நமக்கு மிகவும் வருத்தந்தரும் செய்தி.

இதற்குக் கண்ட வழியே கொள்கலன். பெயர் துறைமுகத்திலிருந்து வந்தது. 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர், 58 பெட்டிகளை ஏற்றிய கப்பலொன்றை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே இருப்பது துணியோ இயந்திரமோ, பெட்டியின் அளவு ஒன்றே. ஆகையால் எக்கப்பலும் எப்பாரந்தூக்கியும் அதை ஏற்கும். மாரிக்குப்பத்து இரயிலில் பெங்களூர் செல்வோர், ஒயிட்பீல்டு அருகே அடுக்கி வைத்த இத்தகைய பெட்டிகளை நாள்தோறும் பார்த்திருப்பர். மென்பொருளையும் அதற்கு வேண்டிய துணைப்பொருள் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்துவிட்டால், எந்தக் கணிப்பொறியில் இறக்கினாலும் ஒரே வகையாக ஓடும் என்பதே இங்குள்ள கருத்து.

கணிப்பொறிக்குள் மற்றொரு கணிப்பொறியையே போலியாக அமைக்கும் முறை முன்னரே உண்டு. அது தனி அடித்தளமிட்டுத் தனி வீடு கட்டுவது போன்றது. இடமும் நினைவகமும் மிகுதியாகச் செலவாகும். கொள்கலனோ தங்கவயலின் லைன் வீடு போன்றது. அடித்தளம் ஒன்று, கூரை ஒன்று. எனினும் வீட்டுக்கு வீடு தனிச் சுவர், தனி வாயில். லினக்ஸ் முறைமையின் கருவே இங்கு அடித்தளம். ஒரு கொள்கலனில் ஓடும் நிரலுக்குத் தன் அறை மட்டுமே தெரியும். அடுத்த வீட்டுக் கோப்பும் தெரியாது, அங்கே ஓடும் பணியும் தெரியாது. எவ்வளவு நினைவகம், எவ்வளவு செயலி நேரம் என்று படியளக்கவும் கருவில் ஏற்பாடு உண்டு.

இவை ஒரே நாளில் தோன்றியவை அல்ல. ஒரு நிரலுக்குக் கோப்பு மரத்தின் ஒரு கிளையையே முழு மரமாகக் காட்டும் வித்தை 1979-இல் யூனிக்ஸில் வந்தது. படியளக்கும் ஏற்பாடு 2008-இல் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. இவற்றை எளிய கட்டளைகளாக்கி டாக்கர் என்ற பெயரில் 2013-இல் வெளியிட்டபோதுதான் பொதுவாக வழக்கத்துக்கு வந்தது.

இனிச் செய்முறையைக் காண்போம். முதலில் டாக்கர் இயந்திரத்தை நிறுவ வேண்டும். லினக்ஸில் இது திறந்த மூலமாகவே கிடைக்கும். விண்டோஸில் உள்ளே ஒரு சிறு லினக்ஸை அமைத்து அதன்மேல் ஓட்ட வேண்டியிருப்பதால், பழைய கணிப்பொறி திணறும்; இயன்றவர் லினக்ஸையே நிறுவிக்கொள்வது நன்று. அடுத்து, கிட் என்னும் கருவியால் மீடியாவிக்கியின் மூல நிரலைப் படியெடுக்க வேண்டும். முழு வரலாற்றையும் இறக்கினால் இணையச் செலவு மிகும். அண்மைப் பதிப்பை மட்டும் கேட்டு வாங்கலாம்.

படியெடுத்த கோப்புறையில் டாக்கர் கம்போஸ் கோப்பு ஒன்று இருக்கும். எத்தனைக் கொள்கலன்கள் வேண்டும், அவை ஒன்றோடொன்று எவ்வாறு பேச வேண்டும் என்று எழுதிய சமையற்குறிப்பு அது. மீடியாவிக்கிக்கு மூன்று: பிஎச்பியை ஓட்டுவது ஒன்று, உலாவிக்கு விடை தரும் அப்பாச்சி ஒன்று, பின்னணிப் பணிகளைச் செய்வது ஒன்று. தரவுத்தளத்துக்கு எஸ்க்யூலைட் போதும். அது கோப்பு வடிவில் மூல நிரலின் அருகிலேயே அமரும்.

தொடங்குமுன் சூழற்கோப்பு ஒன்றில் நம் பயனர் எண்ணை எழுதி வைக்க வேண்டும். இதைப் பலர் அலட்சியம் செய்கின்றனர். செய்தால், கொள்கலன் எழுதும் கோப்புகள் வேறொருவர் பெயரில் அமைந்து, நம் வீட்டுப் பொருளை நாமே தொட இயலாத நிலை வந்துவிடும். பிறகு டாக்கர் கம்போஸ் அப் என்று ஆணையிட்டால், வேண்டிய படிமங்கள் இறங்கி மூன்று கொள்கலன்களும் எழும். அவற்றுள் நுழைந்து, கம்போசர் என்னும் கருவியால் பிஎச்பித் துணைத்தொகுதிகளைத் தருவித்து, நிறுவும் நிரலை ஓட்ட வேண்டும். முடிந்தபின் உலாவியில் நம் கணிப்பொறியின் 8080-ஆம் வாயிலைத் திறந்தால் வெறுமையான விக்கி ஒன்று வரவேற்கும். அவ்வாயிலில் வேறு நிரல் ஏற்கெனவே குடியிருந்தால் சூழற்கோப்பில் வேறு எண்ணைக் கொடுக்கலாம்.

மூல நிரல் இருப்பது நம் கோப்புறையில். கொள்கலனுக்கு அதைச் சாளரம் வழியே காட்டுகிறோம். ஆகவே வழக்கமான எழுதியில் ஒரு வரியைத் திருத்திச் சேமித்தால் உலாவியில் மாற்றம் உடனே தெரியும். ஆனால் கொள்கலனுக்குள்ளேயே எழுதியது கொள்கலனை அழிக்கும்போது அதனோடு போய்விடும். போகக்கூடாதவற்றை வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். தவறாக ஏதேனும் செய்து சூழல் குலைந்ததா? கொள்கலன்களை அழித்து மீண்டும் எழுப்பினால் சில நிமிடங்களில் பழைய நிலை. கற்பவர்க்கு இந்த அச்சமின்மை பெரிய கொடை என்பது நம் கருத்து.

குறை ஒன்று சொல்ல வேண்டும். படிமங்கள் பருமனானவை, கைப்பேசி இணையத்தில் நாளளவு தீர்ந்துவிடும். இதற்கும் வழியுண்டு. ஒருவர் இறக்கிய படிமங்களை டாக்கர் சேவ் என்னும் கட்டளையால் கோப்பாக்கிப் பென் டிரைவில் கொடுத்தால், தெருவிலுள்ள மற்றவர் டாக்கர் லோடு என்று ஏற்றிக்கொள்ளலாம். ஒரு வீட்டில் இறக்கினால் ஒரு லைனுக்கே போதும்.

இனி அகரவரிசைக்கு வருவோம். நம் விக்கியில் மயில், மழை, மனம் என்று மூன்று பக்கங்களை உருவாக்கி ஒரே பகுப்பில் இடுக. பகுப்பைத் திறந்தால் மனம் முதலில் நிற்கும். அமைவுக் கோப்பில் பகுப்பு வரிசைக்குத் தமிழ் விதியைக் குறித்துவிட்டு, வரிசையைப் புதுப்பிக்கும் பராமரிப்பு நிரலைக் கொள்கலனுக்குள் ஓட்டுக. மீண்டும் பகுப்பைத் திறந்தால் மயில் முன்வந்து, மழை தொடர, மனம் கடைசிக்குப் போயிருக்கும்.